ஈர்க்குச்சிக்கு ஒரு பதிவேடு

நைட் டூட்டி முடித்துவிட்டு, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் பஸ் பிடித்து, மாவட்டத் தலைநகரில் ஒரு குளிரூட்டிய அரங்கில் போய் உட்கார்ந்து, ‘பணியில் மனநிறைவு பெறுவது எப்படி’ என்று ஒருவர் திரை போட்டு விளக்குவதைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன். வந்தவர் நல்லவர்தான். சட்டை கசங்காதவர். எங்கள் செவிலியர் வேலையைத் ‘தொண்டு’ என்று நான்கு முறையும் ‘தெய்வப் பணி’ என்று இரண்டு முறையும் சொன்னார். விழித்திருக்க எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. பிறகு அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்தவர்களின் கதையைச் சொல்லி, “நீங்களும் உங்கள் வேலையை நீங்களே செதுக்கிக்கொள்ளுங்கள். மனநிறைவு மேலிருந்து வராது, உங்கள் கையில்தான் இருக்கிறது” என்று முடித்தார். எனக்குப் பக்கத்தில் எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி இருந்தது அவருக்கு. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “செதுக்கினால் தூள் விழும். அதை யார் கூட்டி அள்ளுவது என்று கேள்.”

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து தூங்கி எழுந்த பிறகும் அந்தப் பேச்சு விடவில்லை. அவர் சொன்னது முழுப் பொய் என்றால் மறந்திருப்பேன். பாதி உண்மையாக இருந்ததுதான் தொந்தரவு. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷங்களை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை யாரும் செய்யச் சொல்லாத காரியங்களில் கிடைத்தவை. அப்படிப்பட்ட ஒரு காரியம் என் கையை விட்டுப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். போனதில் எனக்கும் பங்கு உண்டு. அதை எழுதிப் பார்த்தால் ஆறுமோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் துப்புரவுப் பணியாளர்களின் கதையைத் தேடிப் படித்தேன். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு பேராசிரியைகள் 2001-இல் எழுதிய கட்டுரையில் அது வருகிறது. ஒரே மருத்துவமனையில் ஒரே வேலை பார்த்த 28 பேர். தரையைத் துடைக்கிறோம், தொட்டியைக் காலி செய்கிறோம், இதில் பெரிய திறமை என்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் சிலர். வேறு சிலர் நோயாளியிடமும் பார்க்க வந்தவர்களிடமும் பேச்சுக் கொடுத்தார்கள். வார்டில் அந்த நேரத்துக்கு என்ன நடக்கிறது என்று பார்த்து வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். இவை எதுவும் காகிதத்தில் இல்லை. அந்த ஆய்வைப் பற்றி வேறோர் இடத்தில் படித்தது இது: நினைவிழந்து கிடந்தவர்களின் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண், சுவரில் இருந்த படங்களை அவ்வப்போது கழற்றி இடம் மாற்றி மாட்டுவாளாம். கண் திறக்காதவர்களுக்கு ஏதாவது ஒரு மாற்றம் உறைக்காதா என்ற நப்பாசை. அது உன் வேலையில் சேர்த்தியா என்று கேட்டதற்கு, வேலையில் சேர்த்தி இல்லை, என்னில் சேர்த்தி என்ற பொருள்பட ஏதோ சொல்லியிருக்கிறாள். எனக்குத் தொண்டை அடைத்தது. பயிற்சியாளர் சொல்லாமல் விட்ட ஒன்றும் அந்தக் கட்டுரையில் இருந்தது: ஆட்கள் இப்படித் தங்கள் வேலையைத் திருத்திக்கொள்வது நிறுவனத்துக்கு நல்லதாகவும் முடியலாம், கெட்டதாகவும் முடியலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அரங்கம் பிடித்து, மதியச் சாப்பாடு போட்டு, எங்களைச் செதுக்கச் சொன்னவர்கள் அந்தப் பக்கம் வரை படித்திருக்க மாட்டார்கள்.

11-ஆம் பெட்

எங்களுடையது பெண்கள் பொது மருத்துவ வார்டு. கட்டில் 40. காய்ச்சல் காலத்தில் தரையில் பாய் விரித்தும் படுத்திருப்பார்கள். இரவில் இரண்டு பேர் இருப்போம். ஒருத்தி விடுப்பு எடுத்தால் மற்றவள் மட்டும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அந்தக் கணக்கை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரவு 12 மணி நேரத்தில் ட்ரிப் மாற்றுவது, ஊசி போடுவது, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை (சி.பி.ஜி.) பார்ப்பது, புது அட்மிஷனை எடுப்பது, எல்லாவற்றையும் எழுதுவது. எழுதுவதற்கே இரண்டு மணி நேரம் போகும்.

சில வருடங்களுக்கு முன் 11-ஆம் பெட்டில் ஓர் ஆச்சி இருந்தார். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். அந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். முதல் தடவை சர்க்கரை 38-க்கு இறங்கி, வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறி வந்தார்; 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அடுத்த தடவை 480. இப்போது மறுபடி 40-க்குப் பக்கம். கேஸ் ஷீட்டில் ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியம்: ‘மருந்தை முறையாக எடுத்துக்கொள்வதில்லை.’ மாலை டூட்டியில் ஒரு நாள், கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், “ஆச்சி, ஊசியை எப்படி இழுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்” என்று காலிக் குப்பியில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன். ஆச்சி குப்பியைத் தலைகீழாகப் பிடித்தார், ஊசியைக் குத்தினார், கை சுத்தமாகத்தான் இருந்தது. பின்தண்டை இழுத்தார். 22 யூனிட் இழுக்க வேண்டியவர் 31-இல் நிறுத்தினார். திரும்பச் செய்யச் சொன்னேன், 16. “கோடு தெரிகிறதா ஆச்சி?” என்றேன். “எங்கே தாயி கோடு?” என்றார்.

மூன்று முறை அட்மிட் செய்தும், அதுவரை எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. சர்க்கரை கண்ணையும் பிடித்திருந்தது. வீட்டில் ஆள் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். பேனா ஊசி என்றால் அளவைத் திருப்பும்போது சத்தம் கேட்கும், எண்ணிக்கொள்ளலாம். எங்களுக்கு வருவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் சிவப்பு மூடி சிரிஞ்சும்தான். (ஆரஞ்சு மூடி 100 யூனிட் குப்பிக்கு உரியது. மெடிக்கலில் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கொடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு ஏறவும் செய்யும், பாதிக்கும் கீழே குறையவும் செய்யும். வீட்டில் ஊசி போடுபவர்கள் இருந்தால் இன்றே மூடியின் நிறத்தைப் பார்த்துவிடுங்கள்.) அன்று இரவு பஸ்ஸில் போகும்போதும் அந்தச் சிரிஞ்சுதான் மனதில் ஓடியது. தண்டை இழுத்தால், குழாயின் விளிம்புக்கும் தண்டின் தலைக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. 22 யூனிட்டுக்கு எவ்வளவு இடைவெளியோ அது எப்போதும் அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் கை தொட்டுப் பார்க்க முடியும்.

மறுநாள் வீட்டு வாரியலில் (துடைப்பத்தில்) இருந்து தடித்த ஈர்க்காகப் பார்த்து நாலைந்து உருவி எடுத்துக்கொண்டு போனேன். 22-க்கு அளந்து ஒரு துண்டு, 12-க்கு அளந்து ஒரு துண்டு. காலைத் துண்டின் நடுவில் நூல் சுற்றினேன், மாலைத் துண்டை வெறுமனே விட்டேன். இழுத்துவிட்டு, துண்டை இடைவெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் மருந்து குறைவு, உள்ளே ஆடினால் அதிகம். ஆச்சிக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. நெல் அளந்த கை. டாக்டர் நம்பவில்லை, பத்து தடவை இழுத்துக் காட்டச் சொல்லி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு யூனிட்டுக்கு மேல் பிசகவில்லை. ஆச்சி டிஸ்சார்ஜ் ஆகிற அன்று, குப்பியைக் குளிர்ச்சியாக வைக்க மண்பானையும் ஈர மணலும் எப்படி என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, “அது எனக்குத் தெரியும், மோர் வைக்கிற பானை இருக்கிறது, நீ குச்சியை இன்னொரு ஜோடி கொடு, தொலைந்துபோனால் என்ன செய்வேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்த வருடம் அவர் திரும்ப வரவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு பித்து. பார்வை மங்கியவர்கள், எண் தெரியாதவர்கள் யார் வந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். டூட்டி முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினாலும் அலுப்புத் தெரியவில்லை. இன்சார்ஜ் சிஸ்டர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் ஈர்க்குத் துண்டுகள் மேசையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்து, “மேசையைக் குப்பையாக்காதே” என்று ஒரு காலி மாத்திரை டப்பாவை நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். டோஸ் மாறினால் பழைய குச்சியை வாங்கி உடைத்துப் போட்ட பிறகே புதியது கொடுக்க வேண்டும் என்ற விதியை மட்டும் அவர் போட்டார். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. யோசித்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது.

எட்டுக் கட்டம்

விஷயம் வெளியே போனது இப்படி. 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. அப்படிப் போன தன்னார்வலர் பெண் ஒருத்தி ஒரு வீட்டு மாடத்தில் நூல் சுற்றிய குச்சியைப் பார்த்து, என்னவென்று விசாரித்து, போட்டோ எடுத்துத் தன் குழுவில் போட்டிருக்கிறாள். போட்டோ வாட்ஸ்அப்பில் ஏறி ஏறி எங்கேயோ போய்விட்டது. ஒரு நாள் மேலிருந்து ஓர் அதிகாரி வார்டுக்கே வந்தார். பாராட்டினார். என்னைக் கட்டிலருகே நிற்க வைத்து, குச்சியை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்தார்கள். சுதந்திர தினத்தன்று நற்சான்றிதழ் கிடைத்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். எனக்குப் பெருமையாக இல்லை என்று சொன்னால் அது பொய்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. உள்நோயாளியாக வரும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் இன்சுலின் விளக்கம் அளிக்கப்பட வேண்டும். அதற்கு ஒரு பதிவேடு. வரிசை எண், பெயர், பெட் எண், சர்க்கரை அளவு, விளக்கம் அளித்த நேரம், புகைப்படம் உண்டா இல்லையா, செவிலியர் கையொப்பம், நோயாளியின் கையொப்பம் அல்லது கைரேகை. எட்டுக் கட்டம். தினமும் மாலை 6 மணிக்குள் எண்ணிக்கையை அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு குறிப்பு: வாரியல் குச்சி சுகாதாரமானதல்ல என்பதால் அதைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும், விளக்கம் மட்டும் போதுமானது. குச்சி போய்விட்டது, அதற்காக வந்த பதிவேடு தங்கிவிட்டது.

முதல் வாரம் எல்லாரும் உண்மையாகவே செய்தோம். இரண்டாம் வாரம் டெங்கு நோயாளிகளின் கூட்டம். மாலை 5:40-க்கு நர்சிங் சூப்பரிண்டெண்டெண்ட் அலுவலகத்திலிருந்து போன்: “உங்கள் வார்டு எண்ணிக்கை இன்னும் வரவில்லை.” பதிவேட்டை எடுத்தேன். அன்று வார்டில் சர்க்கரை நோயாளிகள் 14 பேர். நான் உட்கார்ந்து பேசியது ஒருவரிடம்கூட இல்லை. பெயர்களைக் கேஸ் ஷீட் பார்த்து எழுதினேன். நேரத்தை 2:10, 2:25, 2:40 என்று கால் மணி நேர இடைவெளியில் போட்டேன். ஒரே நேரமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றியது, பாருங்கள், அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. 14 கையெழுத்து. பிறகு மைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கைரேகை வாங்கினேன். யாரும் எதற்கென்று கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் கட்டைவிரலைக் கேட்டால் நீட்டுவார்கள். 17-ஆம் பெட்டில் இருந்த அம்மாள் மட்டும் விரலை நீட்டிவிட்டு, எதிர்க் கட்டிலைக் காட்டி, “போன தடவை நான் வந்தபோது அங்கே ஒருத்திக்குக் குச்சி வெட்டிக் கொடுத்தாயே சிஸ்டர், எனக்கு அது இல்லையா?” என்றார்.

அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லி நகர்ந்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வியில் இரண்டு முள் இருந்தன. இன்றைக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்பது ஒன்று. இன்னொன்று, போன தடவை உண்மையாகச் செய்துகொண்டிருந்த நாட்களிலேயே இவரை நான் விட்டுவிட்டிருக்கிறேன். ஏன்? இந்த அம்மாள் ட்ரிப் போட்டால் திட்டுவார், சாப்பாடு வந்தால் திட்டுவார். இவர் பக்கத்தில் உட்கார எனக்குப் பிடிக்காது. 11-ஆம் பெட் ஆச்சியின் குரலில் என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் சாயல் இருந்தது. என் விருப்பப்படி வேலையை வளைத்துக்கொண்டபோது, யாருக்கு அது கிடைக்கும் என்பதையும் என் விருப்பம்தான் முடிவு செய்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த எட்டுக் கட்டத்தைப் போட்டவர் முட்டாள் அல்ல. நல்ல காரியம் என்றால் எல்லாருக்கும் கிடைக்கட்டுமே என்று நினைத்திருக்கிறார். அவருடைய பதிவேட்டில் 17-ஆம் பெட்டுக்கும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான்தான் பொய்யாக்கினேன்.

எண்ணும் பெயரும்

இசபெல் மென்சீஸ் என்ற பிரிட்டிஷ் உளப்பகுப்பாய்வாளர் 1950-களின் கடைசியில் லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பயிற்சிக்கு வந்த மாணவிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருத்தி முடிக்காமலே விலகிக்கொண்டிருந்தாள். நோயையும் சாவையும் நாள் முழுதும் தொட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வரும் பயத்தையும் பதற்றத்தையும் அடக்க, மருத்துவமனையே அறியாமல் சில வழக்கங்களை உண்டாக்கிவைத்திருக்கிறது என்றார் அவர். ஒரு நர்ஸ் ஒரு நோயாளியோடு நெருங்கிவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாக்கி, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வைப்பது. பெயரைச் சொல்லாமல் ‘10-ஆம் பெட் கல்லீரல்’ என்பது. படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ‘11-ஆம் பெட் சுகர்’, ‘23-ஆம் பெட் ஆஸ்துமா’ என்று ஒவ்வொரு நாளும் அடுத்த டூட்டிக்காரிக்கு ஓவர் கொடுக்கும்போது நாங்கள் சொல்வதை அறுபது வருடத்துக்கு முன் லண்டனில் ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாள். அந்த ஏற்பாடு பதற்றத்தை உண்மையில் தீர்ப்பதில்லை, வேலையில் கிடைக்க வேண்டிய நிறைவையும் சேர்த்துத்தான் அடைத்துவிடுகிறது என்பது அவர் கண்டது. கவனித்தீர்களா, நானும் இந்தக் கட்டுரையில் இதுவரை ஆச்சியின் பெயரைச் சொல்லவில்லை. அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெட் எண் முதலில் வாயில் வந்துவிடுகிறது என்பதுதான் நிஜம்.

இதையெல்லாம் பேசும்போது சம்பளத்தைப் பேசாமல் விட்டால் நான் அந்தப் பயிற்சியாளரின் கட்சியாகிவிடுவேன். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதித் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள் நான். மாதம் ரூ.7,700. இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியம் என்று சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 24 மணி நேரப் பிரசவம், மூன்று பேர் மாற்றி மாற்றி, இரவில் நான் மட்டும். பிரசவ மேசையில் மல்லாந்து படுக்க வைத்தே பழகிய இடத்தில், வலி வந்தவளை எழுந்து நடக்கவிட்டது, அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டு இடுப்பை நீவச் சொன்னது எல்லாம் அங்கே நானாகப் பிடித்துக்கொண்ட பழக்கங்கள். நிறைவாகத்தான் இருந்தது. வீட்டு வாடகைக்கு அண்ணனிடம் கடன் வாங்கிக்கொண்டும் நிறைவாக இருந்தது. 2017 நவம்பரில் சென்னையில் டி.எம்.எஸ். என்கிற மருத்துவத் துறை இயக்குநரக வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது, எனக்குப் பக்கத்தில் தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்தவள், பிறந்து அழாத ஒரு குழந்தையை மூச்சு ஊட்டும் ஆம்பு பையை அமுக்கி அமுக்கி அழவைத்த கதையை நள்ளிரவு வரை சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது கை தானாக அமுக்கியது. காலையில் எழுந்து அதே தொண்டையில் கோஷம் போட்டாள். மனநிறைவு இருப்பவர்கள் சம்பளம் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

சங்கப் பாட்டில் காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் எதிரே வருபவர்களையெல்லாம் விசாரித்துக்கொண்டு நடப்பவள் செவிலித்தாய். பெற்றவள் வீட்டில் இருந்து அழுவாள். செவிலியைப் போ என்று சொன்னவர் யாரும் இல்லை; அவளாகப் போகிறாள். எங்களுக்குச் செவிலியர் என்று பெயர் வைத்தவர் இதை நினைத்து வைத்தாரா தெரியாது. ஆனால் அந்தச் செவிலிக்கு வார்டில் 40 பெண்கள் இருந்திருந்தால் எவளைத் தேடிப் போயிருப்பாள் என்ற கேள்வி எனக்கு வருகிறது.

14 கையெழுத்துப் போட்ட மறுநாள் இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு மரச்சீப்பை எடுத்து வைத்தார். அந்தச் சீப்பை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவருடையது என்று நினைத்திருந்தேன். வார்டில் யாராவது இறந்தால், உறவினர்கள் உள்ளே வருவதற்கு முன்னால், கலைந்த முடியை அவர் சீவிவிடுவாராம். “முகத்தைத் துடைப்பது, கையைக் காலைக் கட்டுவது எல்லாம் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. இது என் அம்மா ஆஸ்பத்திரியில் போனபோது நான் பார்த்தது. தலை அப்படிக் கலைந்து கிடந்தது” என்றார். எத்தனை வருடமாக என்றேன். “எட்டு சூப்பரிண்டெண்டெண்ட் மாறிவிட்டார்கள். ஒருவருக்கும் தெரியாது. நீ போட்டோவுக்கு நின்றாய்.”

சுருக்கென்றது. அதில் நியாயம் இருக்கிறது. அநியாயமும் இருக்கிறது என்று பல நாள் கழித்துத் தோன்றியது. சீப்பை ஒளித்து வைக்கலாம். ஒரு வார்டில் ஒருவர் செய்தால் போதும். கண் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்பவர்கள் என் வார்டில் மட்டுமா இருக்கிறார்கள்? நான் போட்டோவுக்கு நிற்காமல் இருந்திருந்தால் அந்தக் குச்சி எங்கள் சுவரைத் தாண்டியிருக்காது. நின்றதால் தாண்டியது, தாண்டும்போதே செத்தது. இதில் எது மேல் என்று அவரிடமே கேட்டேன். “எனக்குத் தெரியாது, நான் ரிட்டயர் ஆகப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய்விட்டார். 17-ஆம் பெட் அம்மாளுக்கு அன்று மதியம் ஒரு ஜோடி வெட்டிக் கொடுத்தேன். வாரியலில் அல்ல, காலி சிரிஞ்சின் உறையை நறுக்கி; சுகாதாரக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அவர் அதற்கும் திட்டினார். வழுக்குகிறதாம்.

இன்சார்ஜ் சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த நாற்காலியில், பொறுப்பு என்ற பெயரில், நான் உட்கார்ந்திருக்கிறேன். பதிவேடு இன்னும் இருக்கிறது. நான்காவது நோட்டு ஓடுகிறது. புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், 24 வயது இருக்கும். போன மாதம் இரவு டூட்டியில் அவள் ஒரு காரியம் செய்தாள். 9-ஆம் பெட்டில் மூச்சிரைப்போடு ஒரு பாட்டி. தூங்கவில்லை, மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். 23-ஆம் பெட்டில் இருந்தவர் அதே ஊர்க்காரர், ஒன்றாக நாற்று நட்டவர்கள் என்று இவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அட்டெண்டரைத் துணைக்குக் கூப்பிட்டு, 9-ஆம் கட்டிலை அப்படியே, ஆக்சிஜன் சிலிண்டரோடு, தள்ளிக்கொண்டு போய் 23-க்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். காலையில் நான் வந்தபோது இரண்டு பேரும் கையைக் கோத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் 22, 23, 9, 24.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஊசி மாறிப் போனால்? பெட் எண்ணைப் பார்த்து மருந்து எடுப்பவள் யாராவது தவறினால்? அவளை உட்கார வைத்து, கேஸ் ஷீட்டில் பெயரைச் சிவப்பில் எழுதச் சொல்லி, கையில் பெயர்ப் பட்டை கட்டச் சொல்லி, அடுத்த டூட்டிக்கு ஓவர் கொடுக்கும்போது பெயரைச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். “இதை எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும் சிஸ்டர்?” என்று கேட்டாள். ஒன்றிலும் வேண்டாம் என்றேன்.

பத்து மணிக்கு ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் கட்டில்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர், 23-ஐத் தாண்டி நின்றார். “இங்கே எப்படி 9 வந்தது?” பின்னால் அந்தப் பெண் மூச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது. “அங்கே தரை சரியில்லை சார், கட்டில் ஆடுகிறது. பொதுப்பணித்துறைக்கு எழுதியிருக்கிறேன்” என்றேன். தலையாட்டிவிட்டு நகர்ந்தார். அவர் கதவைத் தாண்டியதும் பழுதுப் பதிவேட்டை எடுத்து, முந்தின நாள் தேதி போட்டு எழுதினேன்: பெண்கள் மருத்துவ வார்டு, கட்டில் எண் 9 இருக்கும் இடத்தில் தரை பெயர்ந்துள்ளது.